நாளை தெரியாத சந்தையில் உளுந்தும் துவரையும்: ரங்கூன் பயறு வியாபாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்மாவிலிருந்து இந்தியாவுக்குப் போகும் பயறு வியாபாரத்தில் ரங்கூன் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. சிலர் ஏற்றுமதி செய்கிறார்கள், சிலர் சுத்தம் செய்யும் மில் வைத்திருக்கிறார்கள், சிலர் தரகு பார்க்கிறார்கள். படிப்பை முடித்துவிட்டு அப்பாவின் கடையில் வந்து உட்காரும் பிள்ளைகளும், சென்னையிலும் விருதுநகரிலும் இருந்து சரக்கு வாங்குகிறவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நாளை என்ன ஆகும் என்று தெரியாதபோது எவ்வளவு வாங்குவது, எவ்வளவு சேர்த்து வைப்பது, மில்லையும் குடோனையும் பெரிதாக்கலாமா என்பதுதான் பெரும்பாலான கேள்விகளின் அடிப்படை.

எதுவுமே நிச்சயமில்லை என்கிறபோது திட்டம் போட்டு என்ன பயன்?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சில வருடங்களை மட்டும் திரும்பிப் பாருங்கள். 2017 ஆகஸ்டில் இந்தியா பயறு இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு போட்டது. 2021 பிப்ரவரியில் இங்கே ஆட்சி மாறி, வங்கியில் பணம் எடுக்க மக்கள் வரிசையில் நின்றார்கள். 2022 ஏப்ரலில் டாலர் வருமானத்தைக் கட்டாயமாகப் பர்மா நாணயமான கியாத்தாக மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட, உலகம் முழுக்கக் கன்டெய்னர் சுற்று குழம்பியது. 2025 மார்ச் 28 அன்று பூகம்பம். இதில் எதையும் எந்தத் தரகராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் திட்டம் என்றால் நடக்கப்போவதைச் சரியாகச் சொல்வது என்று நினைத்தால்தான் அது வீண். "விலை இவ்வளவு இறங்கினால் கொள்முதலை நிறுத்துவேன்", "கப்பல் இத்தனை நாள் தள்ளிப்போனால் புது ஒப்பந்தம் எடுக்கமாட்டேன்" என்று மனம் அமைதியாக இருக்கும்போதே முடிவு எடுத்து எழுதி வைத்துக்கொள்வதுதான் நான் சொல்லும் திட்டம். சந்தை கலங்கிக் கிடக்கும் நாளில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் பயத்தில் எடுத்ததாக இருக்கும், இல்லையென்றால் ஆசையில் எடுத்ததாக இருக்கும்.

சரி, முதலில் எதைக் கணக்கெடுக்க வேண்டும்?

நாட்களை. புதிதாக வருகிறவர்கள் எல்லாருமே டன் கணக்கில் தொடங்குகிறார்கள். குடோன் இத்தனை டன், மெஷின் மணிக்கு இத்தனை டன் என்கிறார்கள். கொள்முதலுக்குப் பணம் கொடுத்த நாளிலிருந்து விற்ற பணம் கைக்கு வரும் நாள் வரை போட்ட முதல் எத்தனை நாள் முடங்குகிறது என்று கேட்டால் பதில் வருவதில்லை. என்னைக் கேட்டால் உங்கள் உண்மையான கொள்ளளவு அந்த நாட்களில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது அடி கன்டெய்னர் ஒன்றில் 50 கிலோ மூட்டை 480 ஏறும், அதாவது 24 டன். நீங்கள் வாரம் இரண்டு கன்டெய்னர் அனுப்புகிறீர்கள். முதல் திரும்பி வர 6 வாரம் ஆகிறது என்றால் எந்த நேரமும் உங்கள் பணம் 12 கன்டெய்னரில் முடங்கிக் கிடக்கிறது. கப்பல் இடம் கிடைக்க ஒரு வாரம், வங்கிக் காகிதம் நகர ஒரு வாரம் என்று அது 8 வாரமாகிவிட்டால் 16 கன்டெய்னர். கூடுதலாக முடங்கியது 96 டன். டன் 800 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் 76,800 டாலர். நீங்கள் ஒரு கிலோகூட அதிகம் விற்கவில்லை, லாபம் ஒரு காசு கூடவில்லை. ஆனால் அவ்வளவு பணம் புதிதாக வேண்டும். அது கையில் இல்லாதவர் வட்டிக்கு வாங்குவார், அல்லது நல்ல விலைக்குச் சரக்கு வரும் வாரத்தில் வாங்க முடியாமல் நிற்பார்.

இந்த வியாபாரத்தில் விலை விழுந்து நொடித்தவர்களைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். விலை சரியாக இருந்தும் நாள் நீண்டு நொடித்தவர்கள் அதைவிட அதிகம் என்பது என் எண்ணம். அதனால் கொள்முதல், லாரி, சுத்தம், கன்டெய்னருக்குக் காத்திருப்பு, கடல், சுங்கம், பணம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் சாதாரணமாக எத்தனை நாள், மோசமான மாதத்தில் எத்தனை நாள் என்று இரண்டு எண் எழுதுங்கள். இரண்டாவது எண்ணின் கூட்டுத்தொகைக்குத் தாங்கும் அளவு மட்டும் ஒப்பந்தம் எடுங்கள்.

அப்படியானால் மில்லின் கொள்ளளவு முக்கியமே இல்லையா?

முக்கியம்தான். ஆனால் மெஷின் விற்றவர் சொன்ன எண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மணிக்கு 3 டன் ஓடும் லைன், அதாவது சுத்தம் செய்யும் மெஷின் வரிசை, என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரத்தில் 24 டன், நாளுக்கு ஒரு கன்டெய்னர் என்று மனதில் ஓடும். ரங்கூனில் மின்சாரம் சுழற்சி முறையில்தான் வருகிறது. நாலு மணி நேரம் வரும், அப்புறம் போகும். ஒவ்வொரு முறையும் லைனைத் தொடங்கி நிதானத்துக்குக் கொண்டுவர நேரம் பிடிக்கும். சல்லடை மாற்ற வேண்டும், தூசு தட்ட வேண்டும், கல் நீக்கியில் சேர்ந்ததை அள்ள வேண்டும். உள்ளபடி ஓடுவது 6 மணி நேரம், மணிக்கு இரண்டரை டன் என்றால் நாளுக்கு 15 டன். மீதி வேண்டுமானால் ஜெனரேட்டர், அதாவது டீசல். டீசல் போட்டு ஓட்டும் டன்னுக்கும் கரண்டில் ஓட்டும் டன்னுக்கும் அடக்கவிலை வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் கலந்து சராசரி பார்த்தால் எந்த ஆர்டரில் நஷ்டம் என்றே தெரியாது.

அந்த 15 டன் மில், வாரம் ஆறு நாளில் 90 டன் சுத்தம் செய்யும். வாரம் இரண்டு கன்டெய்னருக்குத் தேவை 48 டன்தான். ஆக, வருடத்தின் பெரும்பகுதி மில் உங்களுக்குத் தடை இல்லை. மார்ச் மாதம் புது உளுந்து ஒரே சமயத்தில் வந்து குவியும்போதுதான் தடை. அந்தச் சில வாரங்களை மனதில் வைத்துப் புது லைன் போட்டால் மற்ற மாதமெல்லாம் அது சும்மா நிற்கும்.

இன்னொன்று, பல மில்களில் வேலை தடைபடும் இடம் மெஷினே இல்லை, சரக்கு உலர்த்தும் களம். ஈரச் சரக்கை உலர்த்த இடமும் வெயிலும் இல்லாமல் மெஷின் காத்துக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். மூட்டைக்குள் கையை முழங்கை வரை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, ஒரு உளுந்தைப் பல்லில் கடித்துப் பாருங்கள். டக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம். மேலே இருப்பது எப்போதும் உலர்ந்துதான் இருக்கும், அதை நம்பக்கூடாது. 15 சதவீத ஈரத்தில் 24 டன் வாங்கி 12 சதவீதத்துக்கு உலர்த்தினால் எடை சுமார் 23.18 டன்னாகிவிடும். 820 கிலோ, அதாவது 16 மூட்டை, காற்றோடு போகிறது. இதை விலையில் பேசாமல் வாங்குகிறவர் எத்தனை மெஷின் வைத்திருந்தாலும் பயனில்லை.

நிறம் பார்த்துப் பயறைப் பிரிக்கும் கலர் சார்ட்டர் மெஷின் புதிதாக வாங்கலாமா?

இப்போதைக்குப் பக்கத்து மில்லில் கூலிக்குக் கொடுங்கள் என்பேன். டன்னுக்குக் கூலி கொஞ்சம் அதிகம் போலத் தோன்றும். ஆனால் கூலி வேலை செய்த நாளுக்கு மட்டும். மெஷினுக்கு வாங்கிய கடன் வேலை இல்லாத மாதத்திலும் வட்டி கேட்கும். இரண்டு மில்காரர்கள் பருவம் தொடங்குவதற்கு முன்பே பேசி, யாருக்கு நெரிசலோ அவருக்கு மற்றவர் ஓட்டிக்கொடுப்பது என்று வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. எஃப்.ஏ.க்யூ. என்ற சராசரித் தரத்துக்குப் பதிலாக எஸ்.க்யூ. என்ற உயர்ந்த தரம் கொடுத்தால் கிடைக்கும் கூடுதல் விலை வருடம் முழுக்க நிற்கிறது என்று இரண்டு பருவமாவது கணக்கில் தெரிந்த பிறகு மெஷின் வாங்கலாம்.

வீட்டுப் பெரியவர்கள் பணமாக வைக்காதே, சரக்காக வை என்கிறார்கள். கேட்கலாமா?

அவர்கள் பட்டதைச் சொல்கிறார்கள். 1964 மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அதே வருடம்தான் கடைகளும் அரசுடைமையாகின. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாத் நோட்டுகள் ஒரே நாளில் வெறும் தாளாயின. பெட்டியில் வைத்த பணம் கண் முன்னே போனதைப் பார்த்தவர்கள் சரக்கை நம்புவதில் என்ன தவறு? 2021 தொடக்கத்தில் டாலருக்கு 1,330 கியாத் அளவில் இருந்தது, வெளிச்சந்தையில் நாலாயிரத்தைத் தாண்டியது. கியாத்தாகவே வைத்திருந்தவரின் முதல் எவ்வளவு கரைந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எந்தச் சரக்கு என்று கேட்க வேண்டும். உளுந்து தங்கம் இல்லை. வண்டு விழும், நிறம் மங்கும், அடுத்த பருவத்துச் சரக்கு வந்ததும் பழையது விலை குறையும். மருந்துப் புகை போட்டு, அடியில் கட்டை வைத்து, சுவரிலிருந்து தள்ளி அடுக்கி வைத்தாலும் நாளாக ஆகச் செலவுதான். இதைவிடப் பெரிய விஷயம், பர்மாவில் உளுந்தையும் துவரையையும் சாப்பிடுகிறவர்கள் மிகக் குறைவு. இரண்டும் விளைவதே ஏற்றுமதிக்காக, அதிலும் பெரும்பாலும் இந்தியாவுக்காக. டெல்லியில் ஒரு அறிவிப்பு வந்தால் உள்ளூரில் தள்ளிவிட வழியில்லை. கடலைப்பருப்பு அப்படி இல்லை, இங்கேயே செலவாகும். பாசிப்பயறுக்குச் சீனா உட்பட வேறு சந்தைகளும் உண்டு. சரக்காக வைப்பதென்றால் ஒரு பங்கையாவது இப்படி வேறு வழியும் உள்ள சரக்கில் வையுங்கள்.

இந்தியாவின் இறக்குமதிக் கொள்கை மாறினால் என்ன செய்வது?

மாறும் என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். 2017 ஆகஸ்டில் துவரைக்கு வருடம் 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று இந்தியா உச்சவரம்பு வைத்தபோது இங்கே விலை சரிந்தது. அந்த வருடம் இந்தியாவிலேயே விளைச்சல் அமோகம், அவர்கள் விவசாயியைக் காக்க வேண்டியிருந்தது. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனால் ஐராவதி டெல்டாவிலும் பெகுவிலும் அதற்கு முந்தைய விலையை நம்பி விதைத்த குடும்பங்களுக்கு அந்தச் செய்தி அறுவடைக்குப் பிறகு வந்து சேர்ந்தது.

2021 மே மாதம் மூன்று பயறுக்கும் கதவைத் திறந்தார்கள். அடுத்த மாதமே பர்மாவிலிருந்து வருடம் இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் தனியார் வழியாக எடுத்துக்கொள்வது என்று 2021-22 முதல் 2025-26 வரை ஐந்து வருட உடன்பாடு ஆனது. ஆனால் 2022 பிப்ரவரியில் பாசிப்பயறு மட்டும் திரும்பவும் கட்டுப்பாட்டுக்குள் போனது. உளுந்து, துவரைக்கான அனுமதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேதி போட்டு நீட்டித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வழக்கம் ஒன்று. அனுமதி முடியும் தேதிக்கு முன்பே சென்னைத் துறைமுகத்தில் இறங்கி முடிக்கக்கூடிய சரக்கை மட்டும் இன்றைய விலைக்கு நம்பி வாங்க வேண்டும். அந்தத் தேதியைத் தாண்டும் சரக்கை, அனுமதி இல்லாவிட்டால் என்ன விலைக்குப் போகும் என்று பார்த்து வாங்க வேண்டும். நீட்டிப்பு வந்தால் லாபம் கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். வராவிட்டால் வீடு தப்பும்.

சென்னையில் சரக்கு வாங்கும் பார்ட்டி நல்லவர், ஆனாலும் சரக்கு எடுக்கத் தாமதிக்கிறார். ஏன்?

அவருக்கும் கொள்ளளவு உண்டு, சில சமயம் அதைச் சட்டமே தீர்மானிக்கிறது. 2023 ஜூன் 2 அன்று இந்திய அரசு துவரைக்கும் உளுந்துக்கும் இருப்பு உச்சவரம்பு போட்டது. மொத்த வியாபாரி 200 டன், சில்லறைக் கடை 5 டன். இறக்குமதி செய்கிறவர் சுங்கம் முடிந்து 30 நாளுக்கு மேல் சரக்கை வைத்திருக்கக்கூடாது. செப்டம்பரில் மொத்த வியாபாரிக்கு 50 டன்னாகக் குறைத்தார்கள், அப்புறம் நவம்பரில் தளர்த்தினார்கள்.

50 டன் என்றால் இரண்டு கன்டெய்னர். அவருடைய குடோனில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் மூன்றாவது கன்டெய்னரை அவரால் அப்போது தொட முடிந்திருக்காது. நீங்கள் இங்கே நாலு கன்டெய்னரை ஒன்றாக ஏற்றிவிட்டு அங்கே இழுத்தடிக்கிறார் என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை. ஒப்பந்தம் பேசும்போதே, "அண்ணாச்சி, இப்போது உங்கள் கையில் எவ்வளவு இருக்கிறது, எந்த வாரம் எவ்வளவு இறக்க முடியும்" என்று கேட்டுவிடுங்கள். வியாபாரத்தில் தன் இருப்பைச் சொல்ல யாரும் விரும்பமாட்டார்கள், அது தெரிந்ததுதான். ஆனால் ஏற்றும் வாரங்களைப் பிரித்துக்கொள்ள அவர் ஒப்புக்கொண்டால், அதுவே உங்களுக்கு வேண்டிய பதில்.

டாலரில் விற்று கியாத்தில் வாங்குகிறோம். எந்த விலையை வைத்துக் கணக்குப் போடுவது?

தெருவில் கேட்கும் டாலர் விலையை வைத்துப் போட்டால் கையைச் சுடும். 2022 ஆகஸ்டு முதல் அரசு விகிதம் டாலருக்கு 2,100 கியாத். ஏற்றுமதி வருமானத்தில் ஒரு பகுதியை அந்த விகிதத்தில் மாற்றியாக வேண்டும். எவ்வளவு பகுதி என்பது அவ்வப்போது மாறி வந்திருக்கிறது. மீதியை அனுமதிக்கப்பட்ட சந்தை விகிதத்தில் மாற்றலாம்.

உதாரணத்துக்கு, கால் பங்கு 2,100-க்கும் முக்கால் பங்கு 3,600-க்கும் மாறுகிறது என்று வைப்போம். 525-ம் 2,700-ம் சேர்ந்து 3,225. உங்கள் டாலரின் உண்மை விலை அதுதான். ஊர் மண்டியில் கொள்முதல் விலை பேசும்போது 3,225-ஐ வைத்துப் பேசுங்கள். பக்கத்துக் கடைக்காரர் அதிக விலை கொடுக்கிறார் என்றால் அவர் வேறு ஏதோ கணக்கு வைத்திருக்கிறார். அதோடு போட்டி போட வேண்டாம். 2024 தொடக்கத்தில் இந்திய ரூபாயிலேயே பணம் வாங்கச் சிறப்பு ரூபாய் வோஸ்ட்ரோ கணக்கு (வெளிநாட்டு வங்கி இந்திய வங்கியில் வைக்கும் ரூபாய்க் கணக்கு) என்ற வழியும் திறந்தது. உங்கள் பார்ட்டியின் வங்கியும் உங்கள் வங்கியும் அதற்குத் தயாரா என்று முதலில் சின்னத் தொகையில் அனுப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

இந்த வருடம் விளைச்சல் எப்படி என்று முன்னாலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?

கொஞ்சம் உண்டு. கீழ் பர்மாவில் நெல் அறுத்த நிலத்தில், மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தை நம்பித்தான் உளுந்து போடுகிறார்கள். அதனால் நெல் அறுவடை பிந்தினால் உளுந்து விதைப்பும் பிந்தும், காய் பிடிக்கும் நேரத்தில் ஈரம் போதாது. அக்டோபர், நவம்பரில் பெகு பக்கம் மழை எப்போது ஓய்ந்தது, வயலில் தண்ணீர் எப்போது வடிந்தது என்று கேளுங்கள். துவரை மேல் பர்மாவின் வறண்ட பகுதியில், சகாயிங், மாண்டலே, மக்வே பக்கம் விளைவது. அங்கே கேட்க வேண்டியது விளைச்சலை மட்டும் இல்லை. எந்த ஊர்ச் சாலை திறந்திருக்கிறது என்றும் கேட்க வேண்டும். சண்டை நடக்கும் இடத்தில் பயிர் நன்றாக இருந்தும் சந்தைக்கு வராது.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். தஞ்சை டெல்டாவில் சம்பா அறுத்தபின் போடும் உளுந்தும் நம் சரக்கும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் சந்தைக்கு வருகின்றன. மத்திய இந்தியாவில் ஆடி, ஆவணி மழை பொய்த்தாலும் கொட்டித் தீர்த்தாலும் அந்தப் புரட்டாசி, ஐப்பசியில் நம் சரக்குக்குக் கேட்பு மாறும். பிரேசிலிலும் இப்போது இந்தியாவுக்காக உளுந்து போடுகிறார்கள். துவரைக்கு மொசாம்பிக், தான்சானியா, மலாவி ஏற்கெனவே போட்டி.

ஒரே எண்ணை நம்பாதீர்கள். மோசமானால் இவ்வளவு, சுமாரானால் இவ்வளவு, நன்றாக இருந்தால் இவ்வளவு என்று மூன்று எண் எழுதி, மோசமான எண்ணிலும் கடன் கட்ட முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

சாலையும் துறைமுகமும் எவ்வளவு நம்பகமானவை?

2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் பூமி குலுங்கியபோது, சகாயிங்கையும் மாண்டலே பக்கத்தையும் இணைத்த 1934-ஆம் வருடத்து ஆவா பாலம் ஐராவதியில் விழுந்தது. ரங்கூன்-மாண்டலே விரைவுச்சாலையும் சேதமானது. உறவுகளை இழந்தவர்களுக்கு முன்னால் சரக்கைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அந்தப் பக்கத்துத் துவரையை நம்பி ஒப்பந்தம் எடுத்தவர்கள் அன்று கற்றது எல்லாருக்கும் தேவை. ஒரே ஆற்றைக் கடந்து வரும் சரக்கை வெவ்வேறு மண்டியில் வாங்கினாலும் அது ஒரே சரக்குதான். பாதியைப் பெகுவிலும் பாதியை சகாயிங்கிலும் வாங்கினால்தான் பிரித்து வாங்கியதாகும்.

துறைமுகத்தைப் பொறுத்தவரை, ரங்கூன் ஆற்றுத் துறைமுகம். ஆழம் குறைவு, பெரிய கப்பல் வராது. ஆற்றில் கீழே உள்ள திலாவா துறைமுகத்துக்கும் சிறிய கப்பல்கள்தான். பல கன்டெய்னர்கள் சிங்கப்பூர் அல்லது மலேசியாவின் போர்ட் கிள்ளான் போய்க் கப்பல் மாறுகின்றன. 2024 மே, ஜூனில் செங்கடல் சிக்கலால் சிங்கப்பூரில் நெரிசல் ஏற்பட்டபோது, இங்கே காலிக் கன்டெய்னருக்கே அலைய வேண்டியிருந்தது. சென்னை பக்கத்திலேதானே என்று நினைத்து நாள் கணக்கைச் சுருக்கிவிடாதீர்கள். கப்பல் ஏஜென்ட் ஒருவரை மட்டும் நம்பாமல் இருவரிடம் தொடர்ந்து கொஞ்சம் கொஞ்சமாவது கொடுத்து வாருங்கள். நெரிசல் வரும் வாரத்தில் புதிதாகப் போய் நிற்பவருக்கு இடம் கிடைக்காது.

வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. இதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. மூட்டை தூக்கும் வயது முழுக்க அதற்குள் வருகிறது. பலர் ஊரைவிட்டே போய்விட்டார்கள். மெஷின் ஓடினாலும் தைக்க, தூக்க, ஏற்ற ஆள் இல்லாவிட்டால் அன்றைய கொள்ளளவு அவ்வளவுதான்.

இருக்கிறவர்களை வருடம் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். மந்தமான மாதத்தில் கூலியை நிறுத்திவிட்டு மார்ச்சில் தேடினால் வரமாட்டார்கள். அந்த மாதங்களில் சாக்கு சரிபார்ப்பு, குடோன் பழுது, மெஷின் பராமரிப்பு என்று வேலை கொடுக்கலாம். செலவுதான். ஆனால் பத்து வருடம் உங்கள் மூட்டையைச் சுமந்தவரைக் கஷ்ட காலத்தில் வெளியே அனுப்பி மிச்சம் பிடிக்கும் பணத்தை நான் லாபக் கணக்கில் எழுதமாட்டேன்.

விவசாயிக்கு முன்பணம் கொடுத்துச் சரக்கைப் பிடித்துவைக்கலாமா?

கொடுக்கலாம், விலையைக் கட்டிப் போடாமல். விதைப்புக் காலத்தில் பணமுடையில் இருக்கும் குடும்பத்துக்கு முன்பணம் கொடுத்து, அறுவடை விலையை அன்றே அடிமட்டத்தில் முடிவு செய்வது பழைய வழக்கம். 1930-களில் நெல் விலை விழுந்து, கடனுக்காகக் கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு வட்டிக்குக் கொடுத்த செட்டியார்கள் கைக்குப் போனதன் கசப்பு இந்த நாட்டில் நம்மவர்களை எவ்வளவு காலம் துரத்தியது என்று எல்லாருக்கும் தெரியும். முன்பணத்தைச் சரக்கின் ஒரு பகுதிக்கு மட்டும் கொடுத்து, விலையை எடுக்கும் அன்றைய மண்டி விலையில் பேசுங்கள். உங்களுக்கு வேண்டியது சரக்கு வரும் என்ற உறுதிதானே. விலை ஏறினால் அந்த ஏற்றம் அவருக்கும் போகட்டும். அப்படி நடத்தப்பட்டவர் அடுத்த வருடமும் உங்களுக்கே எடுத்து வைப்பார்.

இதற்கெல்லாம் கணினி மென்பொருள் வேண்டுமா?

வேண்டாம். எக்செல் போதும், நோட்டுப் புத்தகமும் போதும். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு வரி: பணம் கொடுத்த தேதி, மில்லுக்கு வந்தது, மில்லிலிருந்து போனது, கப்பல் ஏறியது, சென்னையில் இறங்கியது, பணம் வந்தது. ஒரு பருவம் தவறாமல் எழுதினால் உங்கள் நாட்கள் எங்கே வீணாகின்றன என்று அந்தப் பக்கமே காட்டிவிடும்.

வருடத்தில் எப்போதெல்லாம் திட்டத்தை எடுத்துத் திருத்த வேண்டும்?

நவம்பரில் விதைப்பு நடக்கும்போது ஒருமுறை, எவ்வளவு பரப்பு என்று ஓரளவு தெரியும். தை மாதம் துவரை வரத்து தொடங்கியதும் இரண்டாவது முறை. பிப்ரவரி கடைசியில் புது உளுந்து எட்டிப் பார்க்கும்போது, விளைச்சலுக்கு எழுதிய மூன்று எண்ணில் எது நடக்கிறது என்று பார்த்து மற்ற இரண்டையும் அடித்துவிடலாம். மார்ச் கடைசி வாரம் எல்லாவற்றையும்விட முக்கியம். இந்திய நிதியாண்டு முடிவும் பல சமயம் இறக்குமதி அறிவிப்புத் தேதியும் அப்போதுதான் வருகின்றன. அந்த வாரத்தில் புதிதாகப் பெரிய கொள்முதல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து ஏப்ரல் நடுவில் நமக்குச் சித்திரைப் பிறப்பு, பர்மியருக்குத் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா. வங்கி, சுங்கம், லாரி, மண்டி எல்லாம் மூடிக்கிடக்கும், மில் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். மார்ச்சில் வாங்கிய ஈர உளுந்து களத்தில் இருந்தால் திஞ்ஜானுக்கு முன்பே உலர்த்தி மூட்டையில் கட்டி முடித்துவிட வேண்டும். திருவிழா முடிந்து எல்லாரும் திரும்பி, வேலை சூடு பிடிக்கும்போது மே மாதம் வந்துவிடும், மழையும் வந்துவிடும்.